மழைக்கும் வெயிலுக்கும் ஒரு இரண்டாவது வயலின்

கேள்வி இதுதான். தாத்தா வாசித்த பழைய ஜெர்மன் வயலின் உங்களிடம் இருக்கிறது. எட்டு வருடம் கற்றுக்கொண்ட பிறகு இப்போது கோயில் உற்சவம், கல்யாண வரவேற்பு, நாட்டிய நிகழ்ச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். பேருந்திலும் மழையிலும் தாத்தாவுடையதைத் தூக்கிக்கொண்டு அலைய மனசு வரவில்லை. வெளியே கொண்டுபோக மலிவாக ஒன்று வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? தாத்தா வாத்தியத்தை வீட்டில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போவது தப்பில்லையா? அடுத்த மாதம் அரங்கத்தில் நடக்கப் போகும் முதல் தனிக் கச்சேரிக்கு எதை எடுத்துப் போவது?

வாங்குங்கள். நான் இருபத்தைந்து வருடமாகப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். அதில் பத்தொன்பது வருடமாக என்னிடம் இரண்டு வயலின் இருக்கிறது. ஆனால் மலிவு வயலினைக் கடையில் கொடுத்தபடியே பெட்டியோடு கச்சேரிக்குக் கொண்டுபோனால், மழை கெடுப்பதைவிட அதிகமாக அதுவே கச்சேரியைக் கெடுத்துவிடும். அதனால் வாங்குவதற்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ அதில் பாதியையாவது அதைச் சரிசெய்யவும் தனியாக எடுத்து வையுங்கள்.

நான் இரண்டாவது வாங்கியது ஒரு பங்குனி உற்சவத்துக்குப் பிறகு. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம், கீற்றுக் கொட்டகை. தனி ஆவர்த்தனம் முடிகிற சமயம் கோடை மழை பிடித்துக்கொண்டது. கீற்றின் இடுக்கில் சொட்டிய தண்ணீர் வயலினின் மேல்பலகையில் நாலைந்து சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். வேஷ்டித் தலைப்பால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பெட்டிக்குள் இருந்த துணியும் நனைந்திருந்ததை இருட்டில் கவனிக்கவில்லை. மறுநாள் காலை ஜன்னலோரம் வெயில் அடிக்க அடிக்க ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம். வீட்டில் எடுத்து வாசித்தால் மூன்றாவது தந்தியில் 'கிர்'ரென்று ஒரு இரைச்சல். பழுது பார்ப்பவர் ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, மேல்பலகையும் பக்கப்பலகையும் சேரும் விளிம்பில் வைத்து இழுத்தார். நாலு விரற்கடை தூரம் கார்டு உள்ளே புகுந்து போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சிரித்தார். "வெடிச்சிருந்தா அழுங்க. இது வாயைத்தான் திறந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. வயலினை ஒட்டுவது வஜ்ஜிரத்தால், அதாவது மாட்டுத்தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் பசையால். நம் ஊர்ப் பழைய தச்சர்களுக்கும் தெரிந்த சாமான்தான். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகும். இளக வேண்டும் என்றேதான் அதைப் பயன்படுத்துகிறார்கள். மேல்பலகை மெல்லிய ஸ்புரூஸ் மரம். ஈரத்தில் குறுக்குவாட்டில் விரியும், காய்ந்தால் சுருங்கும். அந்த இழுபறியில் பசை விட்டுக்கொடுக்காவிட்டால் மரம் பிளந்துவிடும். திறந்த விளிம்பை மறுபடி ஒட்டுவது அரை நாள் வேலை. பிளந்த மேல்பலகையைச் சரிசெய்வது பெரிய வைத்தியம், தழும்பும் நிற்கும். இதனால்தான் சொல்கிறேன், அவசரத்துக்கு மரக்கடை வெள்ளைப் பசையை வைத்து யாராவது ஒட்டித் தருகிறேன் என்றால் வயலினைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தப் பசை வஜ்ஜிரம் மாதிரி சுலபமாக விட்டுக்கொடுக்காது. அடுத்த முறை மரம்தான் பிளக்கும்.

மழையைவிட எனக்குப் பயம் காரை நினைத்துத்தான். சித்திரை, வைகாசி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும், நேர் வெயில் படும் இடத்தில் அதற்கு மேலும் போகும். வஜ்ஜிரம் தளர, வார்னிஷ் இளகிப் பெட்டியின் துணி அச்சு அதில் பதிய, அது போதும். கல்யாண மண்டபத்துக்குப் போய், "முதலில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாமே" என்று பந்தியில் உட்காருகிற அந்த முக்கால் மணி நேரம்தான் வயலினுக்குக் கண்டம். ஒன்று அது காரில் வேகும், இல்லையென்றால் மேடையோரம் கிடக்கும், குழந்தைகள் பெட்டியின் மேல் ஏறி விளையாடும். வாசித்துக்கொண்டிருக்கும்போது வயலினுக்கு ஆபத்து குறைவு. ஆகவே ஒரு நிகழ்ச்சிக்கு எதை எடுத்துப் போவது என்று முடிவு செய்ய, வாசிக்காத நேரத்தில் பெட்டி எங்கே இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் இரண்டாவதை எடுங்கள்.

தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போகிறீர்களானாலும் இரண்டாவதுதான். புஷ்ய பகுள பஞ்சமி காலையில் காவிரிக்கரைப் பந்தலில் பஞ்சரத்னம் பாட உட்காருகிறவர்களின் நெரிசலைப் பார்த்திருப்பீர்கள். முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நாம் வாசிப்பதோ வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி. பின்னால் இருப்பவர் எழுந்தால் அவர் கால் படும் இடம் அதுதான். என் இரண்டாவது வயலினின் சுருள் தலையில் ஒரு சில்லு பெயர்ந்திருப்பது அங்கே வாங்கிய பரிசு. பெயர்ந்தபோது யாரையும் கோபிக்கத் தோன்றவில்லை. அடுத்த கிருதிக்கு வில்லைத் தூக்கிவிட்டேன்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. திறந்த வெளியில் எல்லாம் மைக் வழியாகத்தான் போகிறது. குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கி மேல்பலகையில் நிற்கும் மரத்துண்டில், மாட்டிய காண்டாக்ட் மைக், அதற்குப் பிறகு கோயில் குழாய் ஒலிபெருக்கி. இவற்றைக் கடந்து வந்த பிறகு நூறு வருட மரத்துக்கும் ஐந்து வருட மரத்துக்கும் உள்ள வித்தியாசம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அது நிஜம். முதல் அரை மணி நேரம் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கும்.

உங்கள் தாத்தா வயலினுக்குள் 'அந்தோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ்' என்று புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கலைஞரின் பெயரில் சீட்டு ஒட்டியிருப்பதாகவும் அடியில் 'மேட் இன் ஜெர்மனி' என்று இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இப்படிச் சீட்டு ஒட்டிய வயலின் நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சாக்சனிப் பகுதியின் மார்க்நாய்கிர்ஷன் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டில் கழுத்து, ஒரு வீட்டில் பலகை என்று செய்து, சேர்த்து ஒட்டி, உலகமெல்லாம் அனுப்பினார்கள். யாருடைய மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதற்குத்தான் அந்தச் சீட்டு. நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போடும் பழக்கம், இறக்குமதிச் சரக்கில் அது இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்ட பிறகு பரவியது. ஆக, உங்களுடையது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது, கோடி ரூபாய்ப் புதையல் கிடையாது. ஆனாலும் அதை இழந்தால் காசு கொடுத்து இன்னொன்று வாங்க முடியாது. உங்கள் தாத்தாவின் கட்டைவிரல் தேய்த்த கழுத்து எந்தக் கடையிலும் இல்லை.

இனி வாங்கும் விஷயம். இன்று விலை குறைந்த வயலின்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. ஜியாங்சு மாகாணத்தில் ஹுவாங்ச்சியாவ் என்ற ஊரே வயலின் செய்து பிழைக்கிறது. அதில் கேவலமானதும் உண்டு, ஆச்சரியப்படுத்துவதும் உண்டு. ஒட்டுப்பலகையில் அழுத்திச் செய்த மேல்பலகை வேண்டாம். அது சுலபத்தில் பிளக்காது, ஆனால் நாதமும் வராது. 'எஃப்' துளையின் விளிம்பைப் பாருங்கள்: மேல்பலகையின் ரேகை விளிம்பில் கீழ்வரை ஒரே மரமாக இறங்கினால் திட மரம், பட்டை பட்டையாகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

அதைவிட முக்கியம் ஒரு அளவுகோல் எடுத்துப் போவது. கடைக்காரர் வேடிக்கையாகப் பார்த்தாலும் பரவாயில்லை. முழு அளவு வயலினில் தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்திருக்கும் மேட்டிலிருந்து மேல்பலகை விளிம்பு வரை 13 சென்டிமீட்டர், அந்த விளிம்பிலிருந்து குதிரை வரை 19.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். முதலில் தாத்தா வயலினை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதியதில் இது மூன்று நான்கு மில்லிமீட்டர் மாறினாலும் உங்கள் விரல் எட்டு வருடமாகப் பழகிய ஸ்வரஸ்தானம் தள்ளிப்போகும். தோடியில் காந்தாரத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், பாடகர் திரும்பிப் பார்ப்பார். இரண்டு வயலினும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டியதில்லை; கைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

விரல்பலகையை ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மலிவானவற்றில் கருங்காலிக்குப் பதில் ஏதோ வெளிர் மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். நாம் வேறு ஜாரு, அதாவது ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு விரல் இழைவது, வழுக்கிவர விரலில் சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள். என் மாணவி ஒருத்தி முதல் வரவேற்புக் கச்சேரியை முடித்துவிட்டு விரலைக் காட்டினாள்: நான்கு நுனியும் கரி, பட்டுப் பாவாடையில் நான்கு கறுப்புக் கோடு. சாயத்துக்கு அடியில் மரம் மெத்தென்று இருப்பதால் ஸ்டீல் தந்தி ஒரு வருடத்தில் அதில் வாய்க்கால் வெட்டிவிடும், அப்புறம் கமகம் தடுக்கும்.

சரிசெய்ய வேண்டியவற்றில் முதலாவது பிரடை, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளை. புதிய மலிவு வயலினில் பிரடையும் துளையும் ஒன்றுக்கொன்று உட்காராது. காலையில் இறுகிக்கொள்ளும், மேடை விளக்குச் சூட்டில் 'சர்'ரென்று வழுகும். நல்ல கைக்காரர் கூம்பு வெட்டி உட்கார வைத்துத் தருவார். இந்த வயலினுக்கென்றே நான் சிபாரிசு செய்வது உள்ளே பல்சக்கரம் வைத்த பிரடை. பார்க்கச் சாதாரணப் பிரடை மாதிரியே இருக்கும், மெதுவாகத் திரும்பும், ஈரக்காற்றுக்கு அசையாது. மார்கழிப் பனியில் திறந்த பந்தலில் வாசிக்கும்போது அதன் அருமை தெரியும். தாத்தாவுடையதில் அதைப் போடாதீர்கள், துளையைப் பெரிதாக்க வேண்டிவரும்.

அடுத்தது குதிரை. கடையில் வரும் குதிரை எப்போதும் உயரமாகவும் தடிமனாகவும் இருக்கும். வெட்டி இழைத்துப் பொருத்தத்தான் அப்படி விட்டிருக்கிறார்கள், நாம் அதையே மாட்டி வாசித்துவிட்டு 'வயலின் கடினம்' என்கிறோம். விரல்பலகை முடியும் இடத்தில் முதல் தந்திக்கு மூன்றரை மில்லிமீட்டர், நான்காவதுக்கு ஐந்தரை என்ற அளவில் இருந்தால் பொதுவாகச் சௌகரியம். ஸ்டீல் தந்திக்கு இன்னும் ஒரு இழை கீழே இறக்கலாம். தலைப்பக்க மேட்டில் தந்திக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி போதும். மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சியையும் பழுது பார்ப்பவரே பார்த்துத் தள்ளி வைப்பார். அதற்கு மேல் நல்ல தந்தி ஒரு செட். என் மாணவி போன வருடம் 14,000 ரூபாய்க்கு வாங்கி, 7,000 செலவழித்து இவ்வளவும் செய்தாள். 40,000 ரூபாய்க்கு வாங்கி எதுவும் செய்யாமல் வைத்திருப்பவர்களுடையதைவிட அது நன்றாகப் பேசுகிறது.

இனி நான் சொல்லப் போவதை வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள், ஏனென்றால் செலவை நியாயப்படுத்துவது இதுதான். நீங்கள் ஆண் பாடகருக்கும் வாசிக்கிறீர்கள், நாட்டியத்துக்குப் பாடும் பெண்களுக்கும் வாசிக்கிறீர்கள். அவருடைய சுருதி 2 கட்டை, இவர்களுடையது அதைவிட உயர்ந்த 5 கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு). ஒரே வயலினை 2 கட்டையிலிருந்து 5 கட்டைக்கு ஏற்றினால் ஒவ்வொரு தந்தியின் இழுவிசையும் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. அதனால் கூடும் அழுத்தம் குதிரை வழியாக மேல்பலகையில்தான் இறங்குகிறது. மறுநாள் திரும்ப இறக்குகிறோம். பழைய வயலினுக்கு மழையைவிட இந்த ஏற்ற இறக்கம் பெரிய தொல்லை. தந்தி அறுவதும், குதிரை முன்பக்கம் சாய்வதும், சுருதி நிற்காமல் கழுத்தறுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். மேடைக்கு மேடை போகிற வித்வான்கள் பலர் இரண்டு வயலின் வைத்திருப்பது இந்தக் காரணத்துக்குத்தான். நீங்களும் தாத்தாவுடையதை எப்போதும் 2 கட்டையிலேயே விட்டுவிடுங்கள், அதற்கேற்ற கனமான தந்தியோடு. புதியதை 5 கட்டையில் நிறுத்துங்கள். நாட்டிய நிகழ்ச்சி, பெண்கள் கச்சேரி எல்லாம் தானாகவே புதியதன் கணக்கில் வந்துவிடும். வெளியூர்க் கோயில் கச்சேரிக்கு ஆண் பாடகர் என்றால் மூன்று நாள் முன்பே புதியதை இறக்கிப் பழகவிட வேண்டும். மேடையில் உட்கார்ந்துகொண்டு இறக்கினால் முழுக் கச்சேரியும் பிரடையைத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

வில்லுக்கு நான் அதிகம் சொல்ல மாட்டேன். கார்பன் ஃபைபர் வில் ஒன்று வாங்குங்கள், மர வில்லை வெளியே எடுக்காதீர்கள். ஈரத்தில் வளையாது, மர வில்லைவிட அடியும் தாங்கும். நல்ல வில்லுக்கான பெர்னாம்புகோ மரம் பிரேசிலில் அருகிப்போய், 2007 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தாத்தா வில் அந்த மரமாக இருந்தால் அது வயலினைவிட அரிதான சொத்தாகக்கூட இருக்கலாம்.

தாத்தா வாத்தியத்தை வீட்டில் வைப்பது தப்பா என்று கேட்டீர்கள். வைப்பதில் தப்பில்லை, மூடி வைத்து மறந்துபோவதுதான் தப்பு. கொரோனா சமயத்தில் ஒரு நண்பர் ஏழெட்டு மாதம் பெட்டியைத் திறக்கவே இல்லை. திறந்தபோது வில்லின் ரோமம் பாதி அறுந்து, சாமரம் மாதிரி தொங்கியது. இருட்டும் புழுக்கமுமான பெட்டிக்குள் சின்ன வண்டின் புழு புகுந்து ரோமத்தைத் தின்றுவிடும். வெளிச்சம் அதற்கு ஆகாது. ஆகவே வாரத்தில் நான்கு நாள் வீட்டுச் சாதகம் தாத்தாவுடையதில், இரண்டு நாள் புதியதில். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, நிறம் மாறினால் மாற்றுங்கள். தந்திகளை முழுவதும் தளர்த்தி வைக்காதீர்கள், சவுண்ட் போஸ்ட் சாய்ந்துவிடும். கச்சேரிக்குப் புதியதை எடுத்துப் போகும் வாரம் மட்டும் மூன்று நாள் அதை மட்டுமே வாசியுங்கள். அதன் நான்காவது தந்தி எங்கே முரண்டு பிடிக்கும், மேல் ஸ்தாயியில் எங்கே மெலியும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வைத்திருப்பவர்களுக்கு வருகிற ஆபத்து ஒன்று தனியாக உண்டு: கையில் இருப்பதைக் கவனிப்போம், மற்றது எங்கே என்று மறந்துவிடுவோம். 1936 பிப்ரவரி 28 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் வயலின் மேதை ப்ரோனிஸ்லாவ் ஹூபர்மன், இன்னொரு பழைய இத்தாலியக் கைவேலையான தன் குவார்னேரி வயலினை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். 1713இல் செய்த அவருடைய ஸ்ட்ராடிவேரியஸ் உள்ளே ஒப்பனை அறையில் இருந்தது. திரும்பி வந்தால் அது இல்லை. ஜூலியன் ஆல்ட்மன் என்ற வயலின்காரர், அடையாளம் தெரியாமல் இருக்க அதில் ஷூ பாலிஷ் பூசி, ஏறத்தாழ ஐம்பது வருடம் அதையே வாசித்துப் பிழைத்தார்; 1985இல் சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். ஹூபர்மன் 1947இலேயே இறந்துபோனார், தன் வயலினை மறுபடி பார்க்கவில்லை. நான் இரண்டையும் எடுத்துப் போகும் நாட்களில் வாசிக்காததை மேடையிலேயே என் பின்னால், சுவரோரம் வைத்துக்கொள்கிறேன். தம்புராக்காரர் முதுகு அதற்குக் காவல்.

அடுத்த மாதத் தனிக் கச்சேரிக்குத் தாத்தாவுடையதை எடுத்துப் போங்கள். மூடிய அரங்கம், உங்கள் ஆட்கள் கூட இருக்கிறார்கள், பெட்டி கையை விட்டுப் போகாது. அப்படிப்பட்ட இடத்துக்காகத்தானே அதைக் காப்பாற்றுகிறோம். ஏசி அரங்கத்துக்குள் போனதும் பெட்டியை உடனே திறக்காமல் இருபது நிமிடம் மூடியே வையுங்கள், வெளிப்புழுக்கத்திலிருந்து மரம் மெல்ல இறங்கி வரட்டும். அப்புறம் சுருதி சேருங்கள். புதியதையும் அன்று எந்தக் கட்டையில் வாசிக்கிறீர்களோ அந்தக் கட்டைக்கே மூன்று நாள் முன்னால் கொண்டுவந்து, ஜமக்காளத்தில் உங்கள் இடது பக்கம் பெட்டி திறந்த நிலையில் வையுங்கள். மேடையில் தந்தி அறுந்தால் புதுத்தந்தி மாட்டி அது நிலைக்கும்வரை மிருதங்கக்காரர் காத்திருக்க மாட்டார். என்னுடையது இப்படி அறுந்தது இரண்டு முறை, இரண்டும் ராகம் பாதியில்.